முத்துக்குமார் வாசித்த விளம்பரம்

போன மாதம் என் பழைய அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களை மதிய விருந்துக்கு அழைத்திருந்தார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஓர் உணவகம். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

“இப்ப ரொம்ப ஈஸி ஆன்ட்டி. ஆஃபர்ல யாராவது ஓவரா மைல் எடுத்தா சிஸ்டமே அக்கவுண்ட லாக் பண்ணிடும். நாங்க ஒண்ணும் செய்ய வேணாம்.”

“ஏன் அப்படி எடுத்தீங்கன்னு அவங்ககிட்ட கேப்பீங்களா?”

“எதுக்குக் கேக்கணும்? ஆஃபரக் கெடுக்கிறவங்கதானே அவங்க.”

அவள் சொன்னது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் வரவில்லை. பாசிர் ரிஸில் என் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவளுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு விமான நிறுவனத்தில்தான் என் காலம் முழுவதும் போனது. தொலைபேசியில் டிக்கெட் பதிவு செய்யும் பெண்ணாகச் சேர்ந்தேன். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவேன். அடிக்கடி பறப்பவர்களுக்கு மைல் கொடுக்கும் திட்டம் வந்ததும் அந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள். பறக்கிற தூரத்துக்கு ஏற்ப உறுப்பினர் கணக்கில் மைல் சேரும். போதுமான அளவு சேர்ந்தால் இலவச டிக்கெட். தொடக்கத்தில் பயணச் சீட்டின் துண்டை உறையில் போட்டு அனுப்புவார்கள், நாங்கள் கையால் பதிவு செய்வோம். பிறகு எல்லாம் கணினிக்குப் போனது. என் வேலையும் மாறியது. யாருக்காவது வழக்கத்தை மீறி மைல் சேர்ந்திருந்தால் அது எப்படிச் சேர்ந்தது என்று பார்ப்பது என் பொறுப்பு.

என் மேலதிகாரி திரு. அருளானந்தம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவர்கள். ஆங்கிலத்தில் அளந்து பேசுவார். என்னோடு தனியாக இருக்கும்போது மட்டும் வீட்டுத் தமிழ் வரும். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நெடுநேரம் துடைத்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவது நல்லது.

விற்பனைப் பிரிவு எந்தச் சலுகையை அறிவித்தாலும் அதன் வாசகம் முதலில் எங்கள் மேசைக்கு வர வேண்டும். அவர் கதவைச் சாத்திவிட்டு அதை வாய்விட்டு வாசிப்பார். முதலில் எழுதியவர் போல வாசிப்பார். பிறகு பேருந்தில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்க்கும் ஆள் போல. கடைசியாக, எங்கள்மேல் கோபத்தில் இருக்கும் ஒருவர் போல. “ஒவ்வொரு” என்ற சொல் வந்தால் நிறுத்துவார். “ஒவ்வொரு எண்டால் எத்தினை? மேல் எல்லை எங்க?” என்று கேட்டுப் பென்சிலால் வட்டம் போடுவார். வட்டம் விழுந்த தாள் திரும்பிப் போகும். விற்பனைப் பிரிவில் அவரைப் பிடித்தவர்கள் யாருமில்லை.

திருட்டுக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் நடுவே அவர் போட்ட கோட்டை நான் புரிந்துகொள்ளச் சில காலம் ஆனது. ஒரு சுற்றுலா முகவர், தான் அழைத்துப் போகும் பயணிகளின் பெயரில் அவர்களுக்கே தெரியாமல் கணக்குத் திறந்து மைல்களைத் தான் எடுத்துக்கொண்டிருந்தார். அன்றே கணக்குகளை மூடினார் அருளானந்தம். “இது களவு,” என்றார். அடுத்த வாரம் இன்னொரு கணக்கைக் கொண்டுபோனேன். ஒரு தம்பதி நேராகப் போகக்கூடிய ஊருக்கு இரண்டு இடத்தில் இறங்கி ஏறிச் சுற்றிப் போயிருந்தார்கள், மைல் கூடச் சேரும் என்பதற்காக. அவர் தலையை ஆட்டினார். “நாங்கள் வித்த டிக்கெட். அவை வாங்கிப் பறந்திருக்கினம். இதில என்ன பிழை?”

எல்லா வழக்கும் இப்படி இரண்டு வரியில் முடிந்துவிடாது என்பதை முத்துக்குமார்தான் எனக்குக் காட்டினார்.

எங்கள் நிறுவனம் சுமத்ராவில் ஒரு சிறிய ஊருக்கு விமானம் விட்டது. ஒரு மணி நேரப் பயணம்தான். முதல் சில மாதங்கள் பாதி இருக்கைகூட நிறையவில்லை. விற்பனைப் பிரிவில் டெரிக் என்ற சுறுசுறுப்பான அதிகாரி, அந்தத் தடத்தில் பறக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய தொகை மைல் என்று ஒரு சலுகையை அவசரமாக அறிவித்தார். தூரம் எவ்வளவு, டிக்கெட் விலை எவ்வளவு என்பதெல்லாம் கணக்கில்லை. வாசகம் எங்கள் மேசைக்கு வரவேயில்லை. காலைச் செய்தித்தாளில்தான் பார்த்தோம். அருளானந்தம் தம் பென்சிலை எடுத்தார், செய்தித்தாளிலேயே வட்டம் போட்டார், கண்ணாடியைக் கழற்றினார்.

சில வாரங்களில் விமானம் நிரம்பி வழிந்தது. டெரிக்குக்குக் கேக் வெட்டினார்கள். வாரக் கடைசியில் இன்னொரு விமானமும் விடலாம் என்று பேச்சு வந்தது. என் திரையில் வேறொரு காட்சி தெரிந்தது. சனிக்கிழமை காலையில் போகிற பலரும் அதே விமானத்தில் அப்படியே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள். எல்லாக் கணக்கிலும் அறிமுகம் செய்தவர் என்ற இடத்தில் ஒரே பெயர், முத்துக்குமார். பூன் லேயில் வீடு, காப்புறுதி முகவர்.

“கலா, நீர் ஒருக்கா போய்ப் பாரும்,” என்றார் அருளானந்தம். “திரையில மனிசர் தெரியாயினம்.”

அடுத்த சனிக்கிழமை நானும் ஏறினேன். கைப்பைகூட இல்லாத பயணிகளை அன்றுதான் அவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்தேன். அந்த ஊரில் இறங்கியதும் குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே வந்தார்கள், கூரையடியில் இருந்த சாப்பாட்டுக் கடையில் நாசி படாங் சோறும் கறியும் வாங்கினார்கள், சாப்பிட்டுவிட்டு மறுபடி புறப்பாட்டு வாசலுக்குப் போய் நின்றார்கள். நடுவில் ஒருவர் எல்லோருடைய கடப்பிதழையும் சரிபார்த்துக்கொண்டு, யாருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு திரிந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பளபளவென்ற காலணி. என்னைப் பார்த்ததும் நேராக வந்தார்.

“மேடம், நீங்க ஆபிஸ்காரங்கதானே? இந்த ஃபிளைட்ல தனியா வந்து எங்களையே பாத்துட்டிருக்கிற ஆளு நீங்க ஒருத்தர்தான்.”

ஒளிக்க எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றேன்.

“உட்காருங்க. சாப்பிட்டுட்டே பேசலாம் லா.”

அவர் எதையும் மறைக்கவில்லை. விளம்பரம் வந்த அன்றே ஒருமுறைக்கு நாலுமுறை வாசித்தாராம். “நான் பாலிசி விக்கிறவன். சின்ன எழுத்தப் படிக்கிறதுதான் என் பொழப்பு. உங்க விளம்பரத்துல சின்ன எழுத்தே இல்ல மேடம். நானே பயந்துட்டேன், எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு.”

“இத்தனை பேரை ஏன் கூட்டிட்டு வர்றீங்க?”

“சொந்தக்காரங்க, பழைய கஸ்டமருங்க. நல்ல விஷயம் கெடச்சா நாலு பேருக்குச் சொல்லணுமில்ல? இதுல ரெண்டு பாலிசியும் முடிஞ்சிருக்கு, அதையும் சொல்லிடுறேன்.” சிரித்தார். பிறகு சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. “எனக்கு வேண்டியது ஒரே ஒரு டிக்கெட்டுதான் மேடம். என் மனைவி ராணிக்கு முதுகெலும்புல ஆபரேஷன். அரை மணி நேரத்துக்கு மேல உட்கார முடியாது, படுக்கணும். மகன் லண்டன்ல இருக்கான், மருமக மாசமா இருக்கா. படுத்துட்டே போற சீட்டு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். மைல்ல போனாத்தான் உண்டு.”

அவர் பேசப் பேச, அவருக்குப் பின்னால் இருந்த எங்கள் நிறுவன முகப்பில் குரல் உயர்வதைக் கேட்டேன். ஒரு வயதான மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் மகள் எங்கள் அலுவலரிடம் மலாயில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அங்கே எங்கள் நிலையத்தை நடத்திய இபு யாந்தி, அதாவது யாந்தி அம்மா, தலைத்துணி அணிந்த பொறுமையான பெண்மணி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். பிறகு நான் போய் விசாரித்தேன். அந்த ஊரிலிருந்து சிகிச்சைக்காகச் சிங்கப்பூர் வருபவர்கள் நிறையப் பேர். மருத்துவர் நாள் கொடுத்த பிறகுதான் டிக்கெட் தேடுவார்கள். அதற்குள் விமானம் நிறைந்துவிடும்.

“உங்கள் ஆட்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்,” என்றார் யாந்தி. “என் ஆட்கள் இங்கேயே நிற்கிறார்கள்.”

திரும்பும் விமானத்தில் என் இருக்கையை அந்தப் பெரியவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டேன். மகள் இல்லாமல் அவரை அனுப்ப முடியாது என்றார் யாந்தி. எங்கள் விமானம் ஓர் இருக்கைகூடக் காலியில்லாமல் கிளம்பியது.

திங்கட்கிழமை அருளானந்தத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைத் துடைக்கவில்லை, கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். “அப்ப மூண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறார்,” என்றார். “நாங்கள் ஒரு பக்கம், முத்துக்குமார் ஒரு பக்கம் எண்டுதான் நான் நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை முத்துக்குமாரைச் சந்திக்கத் தாமே புறப்பட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது, அலுவலகத்துக்கு வெளியே எந்த வாடிக்கையாளரையும் அவர் சந்தித்ததில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் முத்துக்குமார் வழக்கமாக உட்காரும் சாப்பாட்டுக் கடை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், நடக்க இடமில்லை. கடையின் மூலையில் அவருடைய மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர், அடுத்த சனிக்கிழமைக்கான ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டதும் அவர்களை எழுப்பி வேறு மேசைக்கு அனுப்பினார்.

“அக்கவுண்ட குளோஸ் பண்ண வந்திருக்கீங்களா சார்?”

“இல்லை,” என்றார் அருளானந்தம். “நீங்கள் செய்தது பிழை எண்டு சொல்ல எனக்கு ஒரு வரியும் கிடைக்கேல்ல. வாசிச்சுப் பாத்தனான்.” பிறகு சக்கர நாற்காலியில் இருந்தவரைப் பற்றிச் சொன்னார். மகள் முகப்பில் நின்றதைப் பற்றிச் சொல்லும்படி என்னைக் கேட்டார். நான் சொன்னேன். புத்திமதி எதுவும் அவர் சொல்லவில்லை. தேநீர் வந்தது, குடித்தார்.

முத்துக்குமார் தம் கோப்பையைத் தள்ளி வைத்தார். “அன்னிக்கு எனக்கு முதுகுப் பக்கம் இருந்தது சார் அந்தக் கவுண்டர்,” என்றார். “சத்தம் கேட்டுச்சு. யாரோ லக்கேஜுக்குச் சண்ட போடுறாங்கன்னு நெனச்சேன்.” பிறகு கொஞ்சம் சூடாகவே கேட்டார். “நான் பறக்கலன்னா அந்த ஃபிளைட்டயே நிறுத்திருப்பீங்களே? அப்ப அவரு எதுல வருவாரு?”

அது நியாயமான கேள்வி. அருளானந்தமும் அதை ஒப்புக்கொண்டார். “ஓம், நிப்பாட்டியிருப்பம்.” எழுந்துகொண்டே, “வாற சனிக்கிழமையும் யாந்தியிட்டை ஆக்கள் காத்திருப்பினம். ஆராவது இடம் விட்டுத் தர விரும்பினால் கேக்கலாம் எண்டு அவவுக்கு அனுமதி குடுத்திருக்கிறன். அவ்வளவுதான்,” என்றார்.

“எறங்கிட்டா ரிட்டர்ன் மைல் கெடைக்காதுல்ல?” என்று கேட்டார் முத்துக்குமார்.

“பறந்தால்தான் மைல்.”

சலுகை முடிய அந்த ஒரு சனிக்கிழமைதான் பாக்கி. அன்று நடந்ததை யாந்தி தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பும் விமானத்துக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது, இடம் தர யாராவது முன்வருவீர்களா என்று அவர் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறார். யாரும் அசையவில்லை. பிறகு முத்துக்குமார் வரிசையிலிருந்து வெளியே வந்திருக்கிறார். தம் ஆட்களிடம் ஏதோ சொன்னாராம். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர், எங்களை ஏன் இதில் இழுத்துவிட்டாய் என்று சத்தம் போட்டாராம். ஆனாலும் ஒன்பது பேர் அவரோடு வந்தார்கள். முகப்பில் காத்திருந்த நோயாளிகளும் துணைக்கு வந்தவர்களும் அத்தனை பேரும் ஏறினார்கள். இடம் கொடுத்தவர்கள் படகு பிடித்துப் பாத்தாம் தீவுக்கு வந்து, அங்கே மாறி, உப்புக்காற்றும் டீசல் வாடையுமாகச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார்கள்.

யாந்தி பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்திவிட்டார். அழுகிறார் என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை என் மேசைத் தொலைபேசி அடித்தது.

“மேடம், முத்துக்குமார். ஒரு சின்ன விஷயம். உங்க பயண விதிமுறையில ஒரு பகுதி இருக்கு. கம்பெனி கேட்டுக்கிட்டு பயணி தானா சீட்ட விட்டுக் கொடுத்தா, அவரு அந்த ஃபிளைட்ல பறந்த மாதிரியே மைல் கொடுக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு மட்டும் இல்ல, எறங்கின எல்லாருக்கும் சேத்துத்தான் கேக்கிறேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யாந்தியின் அழுகை இன்னும் காதிலேயே இருந்தது. “இது தெரிஞ்சுதான் எறங்கினீங்களா?”

“சத்தியமா இல்ல மேடம். படகுல அவ்வளவு நேரம் சும்மா உட்காரணும். கூட வந்தவங்க யாரும் என்கூடப் பேசல, எல்லாரும் கோவத்துல இருந்தாங்க. நான் என்ன பண்றது? போன எடுத்து உங்க ரூல்ஸ் முழுக்கப் படிச்சேன்.”

இதை அருளானந்தத்திடம் போய்ச் சொன்னேன். அவர் விதிமுறையைத் திறந்து அந்தப் பகுதியைத் தேடிப் பிடித்தார். வாய்விட்டு வாசித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். என் பணிக்காலத்தில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தது அந்த ஒருமுறைதான். “நானே மறந்துபோனன். எழுதினதும் நான்தான்,” என்றார்.

மேல்மட்டக் கூட்டம் அப்படிச் சிரிப்பாக இல்லை. எவ்வளவு மைல் வெளியே போயிருக்கிறது என்று நிதிப் பிரிவு அப்போதுதான் பார்த்திருந்தது. கேக் வெட்டியவர்களே இப்போது அந்தப் பயணிகளைச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள் என்றார்கள். கணக்குகளை முடக்க வேண்டும், மைல்களை ரத்துச் செய்ய வேண்டும் என்றார் டெரிக். அருளானந்தம் எப்போதும் போலத் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் பேசினார். விமானம் நிறைந்தபோது இவர்களை வாடிக்கையாளர் என்று அழைத்தோம், செலவு தெரிந்ததும் பெயரை மாற்றுகிறோம். நாம் எழுதியதை நம்பி வாசித்தவரைத் தண்டித்தால் அடுத்த விளம்பரத்தை யாரும் நம்ப மாட்டார்கள். அப்போது சலுகை கெட்டுப்போகும். முத்துக்குமாரால் அல்ல, நம்மால்.

பிறகு, நான் எதிர்பாராத ஒன்றையும் சொன்னார். “அவர்களால் தீங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இருந்தது. அதை அனுபவித்தது இந்த அறையில் இருப்பவர்கள் அல்ல.” சக்கர நாற்காலிக்காரரைப் பற்றி அந்த அறையில் இருந்தவர்கள் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள்.

மைல்கள் ரத்தாகவில்லை. விட்டுக் கொடுத்தவர்களுக்கும் சேர்ந்தது. இனி இப்படிப்பட்ட சலுகையில் போன இடத்தில் ஓர் இரவாவது தங்க வேண்டும், ஒருவருக்கு இத்தனை முறைதான், சிகிச்சைக்கு வருபவர்களுக்குச் சில இருக்கைகளை ஒதுக்க வேண்டும் என்று விதி எழுதினோம். அந்தத் தடத்தைக் காப்பாற்ற முடியவில்லை. சலுகை நின்றதும் விமானம் மறுபடி காலியானது. முதலில் வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தார்கள், பிறகு நிறுத்தினார்கள். யாந்தி வேறு நிறுவனத்துக்குப் போனார். அவருக்குக் கீழே வேலை பார்த்த பெண்களுக்கு அப்படி ஒன்றும் அமையவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் அது உறுத்துகிறது.

விருந்தில் அந்தப் பெண் சொன்னதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். மைலை நாங்கள் வேண்டிய மட்டும் உண்டாக்கலாம், கணினியில் ஓர் எண்ணைத் தட்டினால் போதும். இருக்கையை அப்படி உண்டாக்க முடியாது. கெட்டிக்காரர் நிறுவனத்தை வெல்கிறாரா தோற்கிறாரா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால், அந்த இருக்கைக்காக நின்றவர் நம் கண்ணில் படமாட்டார். இப்போதுள்ள இயந்திரமாக இருந்தால் முத்துக்குமாரின் கணக்கை முதல் வாரமே பூட்டியிருக்கும். அப்படிப் பூட்டியிருந்தால் யாந்தியின் முகப்பில் நின்றவர்களைப் பற்றி அவருக்கும் தெரிந்திருக்காது, எங்களுக்கும் தெரிந்திருக்காது. அவர் வரிசையை விட்டு வெளியே வரும் வாய்ப்பும் இருந்திருக்காது. ஆனால் அந்தப் பெரியவர் அன்றே விமானம் ஏறியிருப்பார். அதையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என்னால் இன்னமும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

ராணியை நான் பார்த்தது அந்தச் சலுகை முடிந்த அடுத்த ஆண்டு, தேக்கா சந்தையில். மீன் வாங்க வந்திருந்தேன். முத்துக்குமார் இரண்டு கையிலும் பை வைத்திருந்தார். பக்கத்தில் இடுப்புப்பட்டை கட்டிய ஒரு பெண்மணி, கைத்தடியை ஊன்றி மெதுவாக நடந்து வந்தார். அறிமுகம் செய்துவைத்துவிட்டு முத்துக்குமார் நண்டு பேரம் பேசப் போய்விட்டார்.

“பயணம் எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டேன்.

“ராணி மாதிரித்தான் போனேன்,” என்று தம் பெயரைச் சொல்லித் தாமே சிரித்தார். “மெத்தை போட்டு, போர்வை விரிச்சுக் கொடுத்தாங்க. வலியே தெரியல. பேத்தி பொறந்த மறுநாளே கையில வாங்கிட்டேன்.”

“திரும்பி வர்றப்பவும் அதே சீட்டுதானே?”

“எங்க? போறதுக்குத்தான் மைல் இருந்துச்சு. வர்றதுக்குப் பத்தல.” கணவர் நிற்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நாலு மாசம் அங்கயே இருந்தேன். இவரு இங்க தனியா மெகி மீ நூடுல்ஸ் அவிச்சுச் சாப்பிட்டுக்கிட்டு, தெனமும் போன் போட்டு, ‘இன்னும் கொஞ்சந்தான் ராணி, அந்தக் கார்டுல ஒரு ஆஃபர், இந்த ஹோட்டல்ல ஒரு ஆஃபர், சேத்துடுறேன்’னு சொல்லுவாரு. மடியில பேத்தி தூங்கிட்டிருப்பா. நான் என்ன சொல்லுவேன் தெரியுமா? மெதுவாச் சேருங்க, ஒண்ணும் அவசரம் இல்லன்னு சொல்லுவேன்.”